பேயை விசாரிக்க ஒரு துப்பறிவாளன்

கொலை நடந்த வீட்டில் இருவகைச் சுவடுகள் கிடைக்கும். ஒன்று கொலைகாரனின் காலடி. மற்றொன்று, கொலைக்குப் பின் ஊரார் வாயில் பிறக்கும் கதை. “அவளை அடித்தது முனி, அவனை வீழ்த்தியது செய்வினை, அந்தக் குடும்பத்தைத் தொடர்வது பழைய சாபம்” என்று கிளம்பும் அந்தக் கதை, முதற் சுவட்டை மூடி மறைத்துவிடுகிறது. காலடியைத் தேடும் துப்பறிவாளர்கள் தமிழ்க் கதைகளில் ஏராளம். அந்தக் கதையைத் தேடிச் சென்று, அதைப் பரப்பியவன் யார், பரப்பியதால் பயன் பெற்றவன் யார் என்று கேட்கும் துப்பறிவாளர்கள் எத்தனை பேர்?

நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர்: பேய், பில்லி, சூனியம் சூழ்ந்த குற்றங்களை ஆராயும் ஒரு துப்பறிவாளனைப் படைத்து, தொடர்கதைகள் எழுதலாமா? பகுத்தறிவாளர் எழுதும் கதைக்குள் பேய் நுழையலாமா? நுழையலாம் என்போம் நாம். நோயைக் கண்டு ஓடுகிறவன் மருத்துவனல்லன். பேயென்ற சொல்லைக் கண்டு ஓடுகிறவன் பகுத்தறிவாளனல்லன். பேய் கதைக்குள் வரட்டும்; ஆனால் வந்தது போலவே வெளியேற அதற்கு உரிமையில்லை. கூண்டில் நின்று கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிக் கேள்வி கேட்கத் தக்கவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதே இங்கு நம் ஆய்வு.

இந்த ஆய்வுக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவில் வளர்ந்த ஒரு பிள்ளைதான் தமிழின் பெயர்பெற்ற துப்பறியும் இணையரைப் படைத்தார். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய எழுத்தாளர் சுஜாதா, 1935ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் நிழலில் வளர்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அவருடைய முதற்கதை 1953-ல் திருலோக சீதாராமின் ‘சிவாஜி’ ஏட்டில் வந்தது. பின்னர் மின்னணுப் பொறியாளராகப் பெங்களூரில் பணியாற்றினார். வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 2008-ல் மறைந்தார்.

ஏழு மதிற்சுற்றுகளுக்குள் அடங்கிய ஊரில் வளர்ந்த ஒருவர், இயற்பியல் கற்ற ஒருவர், எந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் தொழில் செய்த ஒருவர், துப்பறியும் கதை எழுதப் புகுந்ததில் வியப்பில்லை. வழக்கறிஞன் கணேஷ், 1968-ல் ‘குமுதம்’ ஏட்டில் வந்த ‘நைலான் கயிறு’ கதையில் தோன்றினான். அவனுக்குத் துணையாக வசந்த் பின்னர் வந்து சேர்ந்தான். ஒருவன் நிதானம், மற்றவன் குறும்பு. ஒருவன் படிப்பு, மற்றவன் பாய்ச்சல். இந்த இருவரையும் பேய்க்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திய புதினம் ‘கொலையுதிர் காலம்’. 1980களின் தொடக்கத்தில் ‘குமுதம்’ ஏட்டில் வாரந்தோறும் வந்தபோது, பேயென்றும் அறிவியலென்றும் தமிழகத்து வாசகர்களை இரு கட்சியாகப் பிரித்து வாதாடச் செய்த கதை அது.

அதன் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். கதையின் அடிப்படை ஒரு சொத்து. உரிய வயதை எட்டிச் சொத்தை அடையப் போகும் லீனா என்ற இளம்பெண்; அவளுடைய உறவினர்; பழைய மாளிகை; அங்கே நடமாடுவதாகச் சொல்லப்படும் இறந்த பெண்ணின் உருவம்; அதன் பின்னே விழும் பிணங்கள். இந்தச் சூழலில் கணேஷ் அறிவியலின் பக்கம் நிற்கிறான். வசந்த் ஆவியின் பக்கம் சாய்கிறான். இங்கேதான் படைப்பாளியின் திறமை இருக்கிறது. ஐயத்தையும் அச்சத்தையும் வெவ்வேறு வீட்டில் குடிவைக்காமல், ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையின் இருபுறமும் உட்கார வைத்தார் அவர். வசந்த் மூடனல்லன், சட்டம் படித்தவன், கூர்மையானவன். படித்தவனும் அஞ்சுவான் என்ற உண்மையை அவன் வழியே வாசகன் காண்கிறான். தன் அச்சத்தை வசந்திடம் கண்டு வெட்கப்படாமல், கணேஷோடு சேர்ந்து மெல்ல அதிலிருந்து மீள வாசகனுக்கு ஒரு வழி கிடைக்கிறது. நூறு கண்டனக் கட்டுரைகள் செய்ய முடியாத வேலை இது.

துப்பறிவாளனை வழக்கறிஞனாக வைத்ததும் பொருத்தமே. சாட்சியத்தைப் பற்றிய சட்டம், 1872-ல் எழுதப்பட்ட பழைய சட்டமானாலும், 2024 சூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டமானாலும், ஓர் அடிப்படையில் நிற்கிறது. இயற்கை நிகழ்ச்சிகளின் வழக்கமான போக்கையும் மனித நடத்தையின் வழக்கமான போக்கையும் கருதி, ஒரு செய்தி நடந்திருக்கக்கூடும் என்று மன்றம் கொள்ளலாம் என்பது அந்த அடிப்படை. அந்தப் போக்கில் பேய்க்கு இடமேது? நீதிமன்றத்தின் வாயிலில் செருப்போடு சேர்த்துப் பேயையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கணேஷின் கறுப்பு அங்கி, தன்னளவிலேயே ஒரு பகுத்தறிவுச் சின்னம்.

இனிக் குறைகளைச் சொல்வோம். முதற் குறை, பேய்க்கு மாற்றாகக் கதை முன்வைக்கும் ஹாலோகிராம் என்ற முப்பரிமாண ஒளிப்படம். டென்னிஸ் காபர் என்ற அறிவியலார் 1940களின் இறுதியில் கண்ட முறை அது. அதற்காக 1971-ல் நோபல் பரிசும் பெற்றார். லேசர் ஒளி வந்த பிறகு அது வளர்ந்தது. ஆனால், அந்த ஒளிப்படம் பதிந்த தட்டின் வழியே பார்த்தால்தான் உருவம் தெரியும். பார்ப்பவன் கண்ணும், தட்டும், உருவமும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். தட்டே இல்லாத திறந்த வெளியில், இருட்டில், எத்திசையில் நின்று பார்ப்பவனுக்கும் தெரியும்படி ஓர் உருவம் உலவுவதென்பது அந்த முறைக்கு அடங்காதது. இந்த இடைவெளியை வாசகன் எப்படி நிரப்பிக்கொள்கிறான்? “ஏதோ அறிவியலாம், எல்லாம் நடக்குமாம்” என்று நிரப்பிக்கொள்கிறான். மந்திரவாதியின் சொல்லை நம்பியவன், இப்போது பொறியாளரின் சொல்லை நம்புகிறான். நம்பிக்கை இடம் மாறியதே தவிர, ஆராய்ச்சி பிறக்கவில்லை. புரியாத பேயை நீக்கிவிட்டுப் புரியாத எந்திரத்தை வைப்பது பகுத்தறிவாகுமா? வாசகன் தன் வீட்டில், தன் கையால் சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கமே பகுத்தறிவுக் கதையின் முடிவாக இருக்க முடியும்.

இரண்டாவது குறை, இறுதியில் கதவை ஒருக்களித்து வைப்பது. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்ன பிறகும், பேயாகவும் இருக்கலாமோ என்றொரு மூலையை வாசகனுக்கு விட்டுவைக்கிறது புதினம். அது சுவைக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. இரு கட்சி வாசகரும் ஏட்டை வாங்குவார்கள். ஆனால் வழக்குத் தீர்ந்ததா? ‘கடவுள் இருக்கிறாரா?’ என்றொரு நூலே எழுதி, இரு புறமும் சீர்தூக்கிப் பார்த்த மனம் அவருடையது. அந்த மனத்தின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும், இயற்கையின் தோற்றத்தைப் பற்றி ஐயத்தோடு நிற்பது வேறு. ஒரு பெண்ணின் சொத்துக்காக உயிர்கள் பறிபோன வழக்கில் ஐயத்தோடு நிற்பது வேறு. முன்னது அடக்கம், பின்னது கொலைகாரனுக்குத் தரும் சலுகை.

மேலைநாட்டார் இதை எப்படிக் கையாண்டனர் என்று பார்ப்பது நமக்குப் பயன் தரும். 1901, 1902 ஆண்டுகளில் தொடர்கதையாக வந்த ‘பாஸ்கர்வில்ஸ் குடும்பத்து வேட்டைநாய்’ என்ற புதினத்தில், ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்தும் பேய்நாய் என்ற கதை கிளம்புகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் அதைக் கேட்டு நடுங்கவில்லை, சிரித்து ஒதுக்கவுமில்லை. அந்தக் குடும்பத்தின் சொத்து அடுத்து யாருக்குப் போகும் என்று பார்க்கிறார். வாயில் எரியொளி பூசப்பட்ட நாயின் பின்னே, வாரிசுரிமையை மறைத்து வாழும் ஒரு மனிதன் நிற்கிறான். பழங்கதை அவன் கைக்கருவி. இதைப் படைத்த கானன் டாயிலோ, பிற்காலத்தில் ஆவியுலக நம்பிக்கையில் வீழ்ந்து, இரு சிறுமியர் எடுத்த வனதேவதைப் படங்களை உண்மையென்று எழுதினார். அந்தப் படங்கள் போலியென்று 1983-ல், முதுமையில், அவ்விருவருமே ஒப்புக்கொண்டனர். படைத்தவர் சறுக்கினார், படைப்பு சறுக்கவில்லை! 1924-ல் வந்த கதையொன்றில் இரத்தம் குடிக்கும் பேய் என்ற முறையீடு வந்தபோதும், ஹோம்ஸ் மனிதரையே தேடினார்.

இதைவிட வியப்பான செய்தியொன்று உண்டு. துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்து, இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல் எதுவும் கதைக்குள் வரலாகாது என்று 1929-ல் எழுதிய ரொனால்டு நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! செஸ்டர்டன் படைத்த துப்பறிவாளர் பாதர் பிரவுனும் பாதிரியாரே. முதற் கதையிலேயே, பாதிரி வேடமிட்ட திருடனை அவர் கண்டுபிடிப்பது எப்படி? அவன் பகுத்தறிவைப் பழித்துப் பேசினான். உண்மைப் பாதிரி அப்படிப் பேசமாட்டான் என்று கண்டுகொண்டார். வழிபடுகிற பாதிரியாரே கதைக்குள் பேயை விடவில்லை. அறிவியல் படித்த நம்மவர் ஏன் விட வேண்டும்?

தமிழில் வந்த வழியையும் எண்ணிப் பார்ப்போம். பண்டித நடேச சாத்திரியாரின் ‘தானவன்’ 1894-ல் வந்தது. அதன் பின் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் வந்தான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைத் துப்பறியச் செய்தார். அது 1950-ல் திரைப்படமாகவும் வந்தது. குற்றத்தை ஆராயும் அறிவுக்குக் காவியுடைதானே கிடைத்தது என்று நாம் வருந்தலாம். அதைவிட வருந்தத்தக்கது 2005-ல் வந்த ‘சந்திரமுகி’. 1993-ல் மலையாளத்தில் வந்த கதையின் தமிழ் வடிவம் அது. பேய் பிடித்ததெனப்பட்ட பெண்ணுக்கு உள்ளது மனநோய் என்று மனநல மருத்துவன் கண்டுபிடிக்கிறான், நன்று! ஆனால் அவளைக் குணப்படுத்த மந்திரவாதியின் துணையோடு ஒரு சடங்கை நடத்துகிறான். அரங்கைவிட்டு வெளியே வருகிற தாய்மார் நினைவில் நின்றது மருத்துவமா, சடங்கா? நோயாளிக்கு முன் மருத்துவனும் மந்திரவாதியும் ஒரே மேடையில் நின்றால், ஊர் திரும்புகிறவர்கள் கட்டணம் குறைந்தவனைத்தானே தேடிப் போவார்கள்?

ஆனால், நம் இலக்கியத்திலேயே முன்பே ஒரு வழக்கு எழுதப்பட்டிருக்கிறது. அறிஞர் அண்ணாவின் ‘ரங்கோன் ராதா’வைக் கூறுகிறோம். 1956-ல் கலைஞரின் திரைக்கதை உரையாடலோடு படமாகவும் வந்தது. மனைவியின் தங்கையையும் அவளோடு வரும் செல்வத்தையும் விரும்பிய ஒரு பெரிய மனிதன், மனைவிக்குப் பேய் பிடித்ததென்று ஊரை நம்ப வைக்கிறான். மந்திரக்காரரின் துணையும், சடங்கும், ஊர்ப் பேச்சும் சேர்ந்து ஒரு பெண்ணை அவள் வீட்டிலிருந்தே துரத்துகின்றன. இது பேய்க்கதையா? இல்லை. குற்றக்கதை. இதில் கொலைக்கருவி கத்தியன்று. ‘பேய் பிடித்தவள்’ என்ற பட்டம். அந்தப் பட்டம் ஒட்டிய பிறகு அவள் உண்மை பேசினாலும் அது பேயின் பேச்சு! அவளுடைய சாட்சியமே செல்லாது. உலகில் வேறெந்தக் குற்றவாளிக்கும் கிடைக்காத வசதி இது: பாதிக்கப்பட்டவரின் வாயை அவள் வாயாலேயே அடைத்துவிடுவது.

அந்தக் கதையில் இல்லாத ஒருவன் துப்பறிவாளன். அந்த வீட்டுக்கு ஒருவன் வந்து, “பேய் வந்த நாள் எது? அதற்கு முந்திய வாரம் இந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது? மந்திரக்காரருக்குக் கூலி கொடுத்தவர் யார்?” என்று மூன்றே கேள்விகள் கேட்டிருந்தால், பேய் அன்றே ஓடியிருக்கும். ‘கொலையுதிர் காலம்’ கணேஷிடம் இருப்பது கூர்மை. ‘ரங்கோன் ராத’யில் இருப்பது அறச்சீற்றம். இவை இரண்டும் ஒருவனிடத்தில் கூடவில்லை. நாம் வேண்டும் துப்பறிவாளன், இவ்விரண்டும் கூடிப் பிறக்க வேண்டியவன்.

அப்படியொருவன் கற்பனையில் மட்டுமே இருக்க முடியும் என்று எண்ண வேண்டா. திருவல்லாவில் 1898-ல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் பேய் வீடுகளையும் மந்திரக்காரர்களையும் நேரில் சென்று ஆராய்ந்த ஆபிரகாம் கோவூர் அப்படிப்பட்டவர். 1978-ல் மறையும் வரை அப்பணியைச் செய்தார். இயற்கைக்கு மீறிய ஆற்றலை மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். பணத்தைப் பெற்றவர் ஒருவருமில்லை. ஆனால் நாம் அவரிடம் கற்க வேண்டியது அந்த அறைகூவலை அன்று. பாதிக்கப்பட்ட வீட்டாரிடம் அவர் காட்டிய பொறுமையை. கல் விழும் வீட்டில் கல்லை எறிகிற கை, பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும் துன்பப்பட்ட ஒருவரின் கை என்பதைக் கண்டார். தண்டிக்கவில்லை, துன்பத்தைக் கேட்டறிந்தார். அவருடைய வழக்குக் குறிப்பொன்றே 1972-ல் மலையாளத்தில் ‘புனர்ஜன்மம்’ என்றும், 1973-ல் தமிழில் ‘மறுபிறவி’ என்றும் திரைப்படமாயிற்று.

இனி, நம் இளைஞர் படைக்க வேண்டிய துப்பறிவாளனைப் பற்றி நம் கருத்தைத் தொகுப்போம்.

அவன் அல்லது அவள் சென்னை மாளிகையில் பிறக்க வேண்டா. பாலக்கரையிலோ, உறையூரிலோ, பொன்மலைத் தொழிலாளர் குடியிருப்பிலோ பிறக்கட்டும். பொன்மலைப் பணிமனையில் எந்திரம் பழுது பார்த்த தந்தையின் மகள், ‘எந்தப் பகுதி கெட்டிருக்கிறது’ என்று கேட்கப் பழகியவள், ‘எந்தப் பிசாசு பிடித்திருக்கிறது’ என்று கேட்கமாட்டாள். காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்து உத்தர வீதிக்குள்ளும் சித்திரை வீதிக்குள்ளும் போகும் அவளுக்கு, அந்த ஊரின் வழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வெறுப்பவனால் துப்பறிய முடியாது. எந்த வீட்டில் எப்போது விளக்கேற்றுவர், எந்த நாளில் கதவடைப்பர், அம்மா மண்டபத்துப் படித்துறையில் எந்த நேரத்தில் கூட்டம் இராது என்பதெல்லாம் சான்றுகள். சுஜாதா தம் திருவரங்கத்துக் கதைகளில் அந்த ஊர் மனிதரின் நடையையும் பேச்சையும் அப்படியே பிடித்துத் தந்தார். அந்தக் கண்ணை நம்மவர் கடன் வாங்குவதில் இழிவில்லை.

அவளுடைய முதற் கேள்வி ‘பேய் உண்டா’ என்பதாக இருக்கலாகாது. ‘இந்தப் பேயால் யாருக்கு வருவாய்’ என்பதாக இருக்க வேண்டும். கொள்ளிடக் கரையில் இரவில் தீ தெரிந்தால், சதுப்பில் மட்கும் பொருளிலிருந்து எழும் வாயு என்ற விளக்கத்தைச் சொல்லி முடித்துவிடாமல், அந்தத் தீயைச் சொல்லி அச்சுறுத்தி ஆட்களை ஆற்றோரம் வராமல் தடுப்பவன் யார், அங்கே இரவில் அவன் செய்யும் தொழில் என்ன என்று பார்க்க வேண்டும். சட்டமும் அவள் கைக்கு வர வேண்டும். தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அதை அறிந்தவர் எத்தனை பேர்? ஒரு தொடர்கதை அதை இலட்சம் வீடுகளுக்குச் சொல்லிவிடும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். பகுத்தறிவுக் கதையென்று நம் தோழர்கள் எழுதுவனவற்றில், துப்பறிவாளன் மூன்றாம் பக்கத்திலேயே மேடையேறிவிடுகிறான். பூசாரி முதல் வரியிலேயே குற்றவாளியாகிவிடுகிறான். அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? சில வேளை பூசாரி குற்றமற்றவனாக இருப்பான். கழுத்தில் தாயத்தே கட்டாத, செய்தித்தாள் படிக்கிற, நாகரிகமான மனிதன்தான் பேயை ஏவியிருப்பான். துப்பறிவாளனும் ஒருமுறை தவறட்டும். தன் தவற்றை ஒப்புக்கொள்ளட்டும். தவறை ஒப்புக்கொள்வதுதான் அறிவியலுக்கும் மந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு. மந்திரம் தோற்றால் நோயாளியின் மேல் பழி. ஆராய்ச்சி தோற்றால் ஆராய்ந்தவன் மேல் பொறுப்பு. அஞ்சுகிற தாயைப் பார்த்து நகைக்கும் துப்பறிவாளனை நாம் ஏற்கமாட்டோம். அவள் அச்சம் பொய்யான பொருளின் மேல் பிறந்திருக்கலாம், அச்சம் பொய்யன்று.

இவ்வளவும் கதையைப் பற்றித்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்க்கு இரு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம்.

2001 ஆகஸ்டு 6 விடியலில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. பேய் பிடித்தவர் என்றும், புனித இடத்தில் கிடந்தால் தெளியும் என்றும் நம்பி அழைத்து வரப்பட்டவர் பலர் அங்கிருந்தனர். தீ எரித்தது உடலை. சங்கிலியைப் பூட்டியது ஒரு கதை.

2004 சனவரி 23 அன்று திருவரங்கத்திலேயே ஒரு திருமண மண்டபத்தில் தீப்பற்றி, மணமகன் உள்ளிட்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேலே கூரைப் பந்தல். கீழே நெருக்கமான கூட்டம். இத்தகைய துயரங்களில் “விதி” என்று சொல்லி அழுவோரை நாம் குறை சொல்லமாட்டோம். அழுகிறவர்க்கு அந்தச் சொல் ஒரு தூண். ஆனால் ஊர் முழுவதும் “விதி” என்று சொல்லிவிட்டால், பந்தலைக் கேட்பவர் யார்? மின்கம்பியைக் கேட்பவர் யார்? வெளியேறும் வழியைக் கேட்பவர் யார்? விதி என்பது விசாரணையை மூடும் பூட்டு. பேய் என்பது அதே பூட்டின் மற்றொரு பெயர்.

அந்தப் பூட்டைத் திறக்கப் பழகிய ஒருவனை, ஒருத்தியைக் கதையில் வாரந்தோறும் சந்திக்கும் வாசகன், தன் தெருவில் அதே பூட்டைக் காணும்போது கை நீட்டத் தயங்கமாட்டான். பேய் பிடித்ததென்று ஒரு பெண்ணை நால்வர் இழுத்துச் செல்லும்போது, கூட்டத்தில் ஒருவன் முன்வந்து, “நேற்று இந்த வீட்டில் என்ன நடந்தது?” என்று கேட்பானாயின், அந்தக் கேள்வியை அவன் எங்கே கற்றான் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மலிவுப் பதிப்புத் தொடர்கதையில் கற்றிருந்தாலும் அது போதும். எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதட்டும்.